கருப்பையைக் காக்கும் சிகிச்சையும் உடல் எடையும்: கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 31, பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 38. நான்கு மாதங்களுக்கு ஒருமுறைதான் மாதவிடாய் வருகிறது. பயாப்ஸியில் (திசுப் பரிசோதனை) ‘ஏட்டிப்பியாவுடன் கூடிய ஹைப்பர்பிளேசியா’ (கருப்பையின் உட்படலம் உருவம் பிறழ்ந்த செல்களோடு தடித்து வளர்வது; புற்றுநோய்க்கு முந்தைய நிலை) என்று வந்திருக்கிறது. குழந்தை வேண்டும். முதலில் 20 கிலோ குறைத்துவிட்டுச் சிகிச்சைக்கு வரலாமா, டாக்டர்?

பதில்: வேண்டாம், சகோதரி. எடைக் குறைப்பும் மருந்தும் ஒன்றாகத் தொடங்க வேண்டியவை. கருமுட்டை வெளிவராத மாதங்களில், ஈஸ்ட்ரோஜனை எதிர்த்து நிற்கும் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் போதிய அளவு சுரப்பதில்லை. அதே சமயம் கொழுப்புத் திசுவிலுள்ள அரோமட்டேஸ் என்னும் நொதி ஆண் ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. எதிர்ப்பதற்கு ஆளில்லாத அந்த ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்படலத்தை வளர்த்துக்கொண்டே போக, இரத்தத்தில் மிகுந்திருக்கும் இன்சுலினும் அதற்குத் துணை நிற்கிறது. எடை குறைந்தால் இந்த ஊற்று மெல்ல வற்றும். ஆனால் அதற்கு மாதக்கணக்கில் ஆகும். உருவம் பிறழ்ந்துவிட்ட செல்கள் அதுவரை பொறுத்திருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

இத்தகைய அறிக்கையோடு கருப்பையை அகற்றிக்கொண்ட பெண்களைப் பற்றி 2006இல் வெளியான ஆய்வொன்றில், ஏறக்குறைய 43 சதவீதத்தினருக்கு அதே கருப்பையில் புற்றுநோயும் இருந்தது தெரியவந்தது. ஆகவே ஹிஸ்டெரோஸ்கோப்பி மூலம் உட்புறத்தை நேரில் பார்த்துத் திசு எடுப்பது, எம்ஆர்ஐ, அனுபவமுள்ள இரண்டாவது நோய்க்குறியியல் மருத்துவரிடம் அதே ஸ்லைடுகளைக் காட்டுவது ஆகிய மூன்றையும் முதலில் முடியுங்கள். பிறகு புரோஜெஸ்டிரோனைப் போல் செயல்படும் மருந்து, 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் கொண்ட கருப்பைக்குள் வைக்கும் கருவியாகவோ, மெகஸ்ட்ரால் போன்ற மாத்திரையாகவோ தொடங்கப்படும். மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பயாப்ஸி கட்டாயம்.

கேள்வி: அறிக்கையில் புற்றுநோய் என்றே வந்துவிட்டால் கருப்பையை வைத்துக்கொள்ள வழி உண்டா?

பதில்: சிலருக்கு உண்டு. எண்டோமெட்ரியாய்டு (உட்படலச் செல்களை ஒத்த, மிகப் பொதுவான) வகையாக, முதல் கிரேடாக (செல்கள் அதிகம் மாறாத நிலை), உட்படலத்தைத் தாண்டித் தசைக்குள் இறங்காததாக, சினைப்பையிலோ நிணநீர்க் கணுக்களிலோ அறிகுறி இல்லாததாக இருக்க வேண்டும். பல ஆய்வுகளைத் திரட்டி 2012இல் வெளியான பகுப்பாய்வில், இத்தகைய பெண்களில் 76 சதவீதத்தினருக்கு நோய் பின்வாங்கியது. 41 சதவீதத்தினருக்கு அது மீண்டும் வந்தது. 28 சதவீதத்தினர் உயிருள்ள குழந்தையைப் பெற்றெடுத்தனர். இந்த மூன்று எண்களையும் சேர்த்தே மனத்தில் வையுங்கள். முதல் எண்ணை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. குழந்தைப்பேறு முடிந்ததும் கருப்பையை எடுத்துவிடுவதே பொதுவான அறிவுரை.

கேள்வி: மெட்ஃபார்மின் சேர்த்துக்கொண்டால் சீக்கிரம் குணமாகுமா?

பதில்: ஆஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 2021இல் வெளியான சோதனையில், பிஎம்ஐ 30க்கு மேற்பட்ட 165 பெண்கள் பங்கேற்றார்கள். ஆறு மாத முடிவில் முழுமையாகக் குணமானவர்கள் கருவி மட்டும் வைத்தவர்களில் 61 சதவீதம், எடைக் குறைப்பும் சேர்த்தவர்களில் 67, மெட்ஃபார்மின் சேர்த்தவர்களில் 57. சர்க்கரை நோய்க்காக அதை உட்கொள்பவர்கள் தொடரலாம். இந்த நோய்க்கென்று நம்பியிருக்க வேண்டாம்.

கேள்வி: கருவி வைத்தபின் இரத்தப்போக்கு நின்றுவிட்டது. பயாப்ஸியைத் தள்ளிப்போடலாமா?

பதில்: கூடாது. இரத்தப்போக்கு நிற்பது வேறு, செல்கள் திருந்துவது வேறு. அன்றாடம் காலையில் எடை பார்த்து, தேதி போட்டு, ஒரு நாளும் விடாமல் நோட்டுப்புத்தகத்தில் எழுதி வந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். ஒன்பது மாதங்களில் 14 கிலோ குறைத்திருந்தார். அந்த நோட்டில் பயாப்ஸிக்கான தேதி ஒன்றுகூட இல்லை. திசு எடுத்துப் பார்த்தபோது நோய் அப்படியே இருந்தது.

கேள்வி: இரண்டு ஆண்டுகள் ஒழுங்கற்ற இரத்தப்போக்கோடு அலைந்தேன். ‘எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள்’ என்றே திருப்பி அனுப்பினார்கள். எங்களைக் குற்றவாளிகளாக்குவதா சிகிச்சை? (இதற்கு மற்றொரு வாசகி, ‘எடைதான் காரணம் என்றால் அதைச் சொல்லத்தானே வேண்டும்?’ என்று எழுத, வேறு பலரும் இரு பக்கமும் நின்று வாதிட்டிருக்கிறார்கள்.)

பதில்: முதலில் எழுதிய சகோதரிக்கு நேர்ந்தது தவறு, அதை மழுப்ப நான் விரும்பவில்லை. ஒழுங்கற்ற போக்கும் மிகுந்த எடையும் சேர்ந்திருக்கும் பெண்ணுக்கு, 45 வயது ஆகவில்லை என்றாலும், திசு எடுத்துப் பார்ப்பதே அன்று செய்ய வேண்டிய வேலை. எடை மிகுதி ஆபத்தைக் கூட்டுகிறது என்பதே விரைந்து சோதிப்பதற்கான காரணம். அதையே காலம் தாழ்த்துவதற்குக் காரணமாக்கியது கொடுமை.

இரண்டாவது வாசகி சொன்னதிலும் உண்மை உண்டு. பிஎம்ஐ ஐந்து அலகு கூடும்போது கருப்பை உட்படலப் புற்றுநோயின் ஆபத்து ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. ஆனால் காரணம் என்பது குற்றம் ஆகாது. பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) உள்ள பெண்ணுக்கு எடை ஏறுவதும் முட்டை வெளிவராததும் ஒரே கோளாற்றின் இரு முகங்கள். ஒல்லியான பெண்களுக்கும் இந்நோய் வருகிறது. குடும்பத்தில் இளவயதிலேயே பெருங்குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் இருந்தால் இப்புற்றுநோய்களின் ஆபத்தைக் கூட்டும் பரம்பரைக் கோளாறான லிஞ்ச் சின்ட்ரோமுக்கான மரபணுச் சோதனையைக் கேளுங்கள். எடைக் குறைப்பைப் பரிந்துரைக்கும் மருத்துவர், உணவியல் நிபுணர், மருந்து, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை என்று வழியையும் சேர்த்துக் காட்டக் கடமைப்பட்டவர். உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு முட்டை வெளிவரத் தொடங்குகிறது. பாதி உடம்பாக இளைக்கும்படி யாரும் கேட்கவில்லை.

கேள்வி: எடை குறைக்க செமாகுளுடைட் ஊசியா, இரைப்பை அறுவை சிகிச்சையா?

பதில்: ஊசி என்றால் கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன் நிறுத்த வேண்டும். அறுவை சிகிச்சை என்றால் வழக்கமாக 12 முதல் 18 மாதங்கள் கருத்தரிப்பைத் தள்ளிவைக்கச் சொல்வார்கள். உங்கள் வயதைக் கணக்கில் கொண்டு முடிவெடுங்கள். இரண்டிலும் பயாப்ஸி தொடர வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. மாதவிடாய் நின்று ஆறு ஆண்டுகளுக்குப் பின் இரத்தம் பட்டது.

பதில்: இந்த வாரமே பெண்நோய் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: எனக்கும் போக்கு நின்றுவிட்டது, பயாப்ஸி அவசியமா?

பதில்: மேலே பதில் சொல்லியிருக்கிறேன். இதே கேள்வி இன்று நான்கு பேரிடமிருந்து வந்திருக்கிறது. நால்வருக்கும் ஒரே பதில்: அவசியம்.

கேள்வி: அடுத்தடுத்து இரண்டு பயாப்ஸிகளிலும் நோய் இல்லை என்று வந்தது. இனி எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்?

பதில்: மகிழ்ச்சி, சகோதரி. காத்திருக்க வேண்டாம். நோய் திரும்பக்கூடியது என்பதால் கருத்தரிப்பு மருத்துவரை இப்போதே பாருங்கள். மேற்சொன்ன 2012 பகுப்பாய்வில், ஐவிஎஃப் போன்ற மருத்துவ உதவிபெற்றுக் கருத்தரிக்க முயன்றவர்களில் 39 சதவீதத்தினருக்கும் இயற்கையாக முயன்றவர்களில் 15 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. கருவியை எடுத்த நாளிலிருந்து உட்படலத்துக்குக் காவல் இல்லை. கணவரின் விந்துச் சோதனை, உங்கள் தைராய்டு, சர்க்கரை அளவு எல்லாம் முடிந்து, சிகிச்சை தொடங்கும் தேதி உறுதியான பிறகே அதை எடுக்கச் சொல்லுங்கள்.