ஒட்டுப் போட்ட இடத்தைப் படமெடுப்பது

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு விமான அருங்காட்சியகத்தில் இரண்டாம் உலகப்போர் கால விமானங்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் கூடத்தில் படமெடுக்க எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. நான்கு முறை போய்விட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாப் படமும் ஒன்றுபோலவே இருக்கிறது. பெரிய விமானம், பக்கத்தில் ஒரு மனிதர், அவ்வளவுதான். ஃப்ளாஷ் போடக் கூடாது என்கிறார்கள். பளபளக்கும் தகட்டில் நானே தெரிகிறேன். இன்னொரு உறுத்தலும் உண்டு. குண்டு வீசிய ஒரு இயந்திரத்தை இவ்வளவு ஆசையாகப் படமெடுப்பது சரியா?

ம.

அன்புள்ள ம.,

நான்கு முறையும் நீங்கள் விமானத்தைத்தான் எடுத்திருக்கிறீர்கள். அது எங்கேயும் போகாது. வேலை முடிந்து காட்சிக்கு வைத்த பிறகு வருகிறவர்களெல்லாம் அதை எடுப்பார்கள். ஆனால் இன்று காலை ஒருவர் துடைத்த பஞ்சில் ஒட்டிவந்த எண்பது வருட அழுக்கை உங்களைத் தவிர வேறு யாரும் எடுக்கப்போவதில்லை.

ரிவெட், அதாவது தகடுகளைச் சேர்த்துப் பிணைக்கும் ஆணி, அடிக்கும் வேலையைப் பாருங்கள். தகட்டுக்கு வெளியே ஒருவர் காற்றில் இயங்கும் சுத்தியலை ரிவெட்டின் தலையில் வைத்து அழுத்துகிறார். உள்ளே இன்னொருவர் உடம்பை மடக்கிக்கொண்டு, ரிவெட்டின் வால் பக்கம் கனமான ஒரு இரும்புக் கட்டியை முட்டுக் கொடுக்கிறார். வால் நசுங்கிப் பரந்தால்தான் பிடிப்பு. பெரும்பாலும் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது, தட்டலும் குரலும்தான் அவர்களுக்குள் பேச்சு. வெளியே நின்று எடுத்தால் பாதி வேலைதான் படத்தில் வரும். கேட்டுவிட்டு, கழற்றிவைத்த மூடியின் துவாரம் வழியாக உள்ளே இருப்பவரையும் எடுங்கள். ரிவெட் அடிக்கும் முன் தகடுகளைக் கோத்து நிறுத்த கிளீகோ என்ற சின்ன ஸ்பிரிங் பிடிப்பான்களைச் செருகியிருப்பார்கள். துளையின் அளவுக்கு ஒரு நிறம்: 1/8 அங்குலத்துக்குச் செம்பு நிறம், 5/32-க்குக் கறுப்பு. ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தைத் தேடிப் பாருங்கள், நல்ல படம் கிடைக்கும்.

ஃப்ளாஷ் இல்லாததற்கு வருந்தாதீர்கள். நேராக அடிக்கும் வெளிச்சம் தகட்டைத் தட்டையாக்கிவிடும். நெளிவும் ஒட்டும் பழைய தூரிகைத் தடமும் தெரிய வேண்டுமென்றால் பக்கவாட்டில் தாழ்வாக வரும் வெளிச்சம்தான் வேண்டும். வேலை செய்பவருக்கும் அதுவே தேவை என்பதால் அவர் விளக்கு பல நேரம் அந்தக் கோணத்திலேயே இருக்கும். அது வரும்வரை காத்திருங்கள். தகட்டில் நீங்கள் தெரிவதை, லென்ஸின் முன் மாட்டிப் பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் நீக்காது. கண்ணாடியிலும் பெயின்டிலும் உதவுவதுபோல் அது வெறும் உலோகத்தில் உதவுவதில்லை. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், சரியாகிவிடும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு கூடத்தில், இறக்கையின் மூடி ஒன்றைத் திறந்து சுத்தம் செய்யும் பெண்மணியை எடுத்தேன். அந்த மூடியின் உட்புறம் பென்சிலால் ஒரு எண், பக்கத்தில் ஒரு சரி அடையாளம். விமானம் கட்டிய காலத்தில் தொழிற்சாலையில் யாரோ போட்டது. நான் முகத்துக்கு ஃபோகஸ் வைத்திருந்தேன். உலோகம் அரித்துப்போயிருந்ததால் அந்த இடத்தைச் சுரண்ட வேண்டியதாயிற்று. அடுத்த வாரம் அந்தப் பெண்மணி, "அந்த எண் உங்கள் படத்தில் இருக்கிறதா?" என்று கேட்டார். இருந்தது, படிக்க முடியாத மங்கலாக. அவர்கள் எடுத்துவைத்திருந்த படத்தில் பாதி எண் நிழலில் போயிருந்தது. அன்றிலிருந்து கூடத்துக்குள் நுழைந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "இன்றைக்கு எது போகப்போகிறது?" என்பதுதான். போகப்போவதை முதலில் எடுப்பேன், அளவுகோல் ஒன்றை ஓரத்தில் வைத்து, நேராக, அழகைப் பற்றிக் கவலைப்படாமல். முகங்கள் அப்புறம்.

இது சின்ன விஷயம் இல்லை. ஒஹாயோவின் டேட்டன் நகரத்து அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகத்தில் 'மெம்பிஸ் பெல்' குண்டுவீச்சு விமானம் இருக்கிறது. அதன் பழைய பெயின்டை எடுத்தபோது, 1943-இல் அது அமெரிக்காவைச் சுற்றிவந்த நாள்களில் மக்கள் தகட்டில் கீறிவைத்த பெயர்கள் வெளியே வந்தன. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ள 'ஃப்ளாக்-பெய்ட்' 200-க்கும் மேற்பட்ட தாக்குதல்களுக்குப் போய்வந்த குண்டுவீச்சு விமானம். அதன் உடம்பில் ஓட்டை அடைத்த ஒட்டுகள் மட்டும் ஆயிரத்துக்கு மேல். புதிதாக வண்ணம் பூசாமல் பழைய பெயின்டையே காப்பாற்றுவது என்று அங்கே முடிவெடுத்தார்கள். எனக்கு இந்த வழியே பிடிக்கும்.

உங்கள் உறுத்தலுக்கும் அந்த ஒட்டுகளைத்தான் காட்டுவேன். ஒவ்வொரு ஒட்டுக்கும் அடியில் தரையிலிருந்து சுட்டது பாய்ந்த ஒரு ஓட்டை, உள்ளே பயந்துபோன சில இளைஞர்கள், கீழே அவர்கள் குண்டு விழுந்த ஊர். பளபளக்கும் முழு விமானத்தின் படத்தில் இது எதுவும் தெரியாது. 1940 ஆகஸ்ட் 26-இல் சுட்டு வீழ்த்தப்பட்ட ஜெர்மன் டார்னியர் 17 விமானம் ஒன்றை 2013-இல் இங்கிலாந்துக் கடலடியிலிருந்து தூக்கினார்கள். அதில் போன நால்வரில் இருவர் இறந்தார்கள், இருவர் சிறைப்பட்டார்கள். இங்கிலாந்தின் காஸ்ஃபோர்டில் உள்ள விமான அருங்காட்சியகத்தில் அதன்மேல் மென்மையான சிட்ரிக் அமிலக் கரைசலை நாள்தோறும் தெளித்து, உப்பையும் கடல் படிவையும் கரைத்தார்கள். எதிரியின் விமானத்துக்குத்தான் அந்தக் கவனிப்பு. அதைப் படமெடுப்பதில் எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை.

அப்புறம், காக்பிட் பக்கம் போகும்போது சட்டைப்பையைக் காலி செய்துவிடுங்கள், லென்ஸ் மூடியையும் வெளியிலேயே வைத்துவிடுங்கள். அது தரை இடுக்கில் விழுந்தால் தேடி எடுக்க அவர்கள் பலகையைக் கழற்ற வேண்டியிருக்கும்.

அன்புடன்