9 எம்.எம். ஆசையும் .32 குழப்பமும்: கீழக்கரை வாசகருக்குப் பதில்

கேள்வி: நான் கீழக்கரையைச் சேர்ந்தவன். கப்பலில் பொறியாளராக இருபது ஆண்டுகள் பணியாற்றினேன். அமெரிக்கத் துறைமுகங்களில் இறங்கும்போதெல்லாம் அங்குள்ள சுடுதளங்களில் 9 எம்.எம். பிஸ்டலில் சுட்டுப் பழகினேன். இப்போது ஊரோடு வந்துவிட்டதால் அதைப் பொழுதுபோக்காகத் தொடர நினைக்கிறேன். 14 வயது மகளும் ஆர்வம் காட்டுகிறாள். எந்தக் காலிபர், அதாவது எந்தக் குழல் அளவு, எங்களுக்குப் பொருத்தமானது? ராமநாதபுரத்தில் ஒருவர், விளையாட்டு வீரர் ஒதுக்கீட்டில் வெளிமாநில உரிமத்துடன் 9 எம்.எம். வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நீங்கள் அங்கே விரும்பிச் சுட்ட 9 எம்.எம்., நம் நாட்டில் தடை செய்யப்பட்ட காலிபர். ராணுவமும் காவல் துறையும் பயன்படுத்தும் தோட்டா என்பதால் அது சாதாரணக் குடிமக்களுக்கு மறுக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் அது பொழுதுபோக்காளர்களின் செல்லப்பிள்ளையாக இருப்பதற்குக் காரணம், அங்கே அது கடையில் கிடைக்கிறது என்பதும், உலகெங்கும் பெருமளவில் தயாராவதால் அதன் தோட்டா மலிவு என்பதும்தான்.

அந்தத் தரகர் சொல்லும் ஒதுக்கீடு என்று எதுவும் கிடையாது. விளையாட்டு வீரர்களுக்குச் சில சலுகைகள் உண்டு என்பது உண்மை; அவை போட்டிகளில் சுட்டுத் தகுதி பெற்றவர்களுக்கானவை, பணம் கட்டுபவர்களுக்கானவை அல்ல. உரிமத்துக்கு நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். போகாத ஊரின் முகவரியில் உரிமம் வாங்கியவர்கள் கதி என்ன ஆயிற்று என்பதற்கு ஜம்மு காஷ்மீர் உதாரணம் போதும்: 2012 முதல் 2016 வரை அங்கே வழங்கப்பட்ட 2 லட்சத்துக்கும் மேற்பட்ட உரிமங்கள் சி.பி.ஐ. விசாரணைக்குள் வந்தன. ஆயுதச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, தடை செய்யப்பட்ட ஆயுதத்தை உரிய அனுமதியின்றி வைத்திருந்தால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு சிறை. தரகர் கைபேசியை அணைத்துவிட்டுப் போய்விடுவார். துப்பாக்கி உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும்.

இனி காலிபருக்கு வருகிறேன். நீங்களும் உங்கள் மகளும் தொடங்க வேண்டியது .177, அதாவது காற்றழுத்தத்தால் சுடும் 4.5 மி.மீ. ஏர் பிஸ்டல். காலிபர் என்பது குழலின் உள்விட்டத்தை அங்குலத்திலோ மில்லிமீட்டரிலோ குறிக்கும் எண். எண் பெரிதானால் சுடுபவரின் திறமை கூடிவிடாது. 9 எம்.எம். தோட்டாவின் வேகசக்தி ஏறத்தாழ 450 முதல் 500 ஜூல். போட்டி ஏர் பிஸ்டலின் ரவைக்கு, அதாவது சிறு ஈயக் குண்டுக்கு, 5, 6 ஜூல்தான். பின்னுதைப்பு அநேகமாக இல்லாததால், குண்டு தவறினால் தவறு நம் விரலுடையதா, மூச்சுடையதா, கண்ணுடையதா என்பது உடனே தெரிந்துவிடும். பெரிய காலிபரில் தொடங்குபவர்கள் உதைப்புக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுக்கப் பழகிவிடுகிறார்கள். அதை மாற்றப் பிறகு மாதக்கணக்கில் பாடுபட வேண்டியிருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வென்ற இரண்டு வெண்கலமும் இந்த 4.5 மி.மீ. ஏர் பிஸ்டலில் வந்தவைதான். 20 ஜூலுக்கு மேற்படாத .177 வகைக்கு உரிமமும் தேவையில்லை. அடையாளச் சான்று கொடுத்து, ரசீதுடன் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் 10 மீட்டர் நீளம் கிடைத்தால் போதும். இலக்கின் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும், பின்னால் ரவையைப் பிடிக்கும் இரும்புப் பெட்டி கட்டாயம் வேண்டும்.

அடுத்த படி .22. அமெரிக்காவிலும் இங்கும் பொழுதுபோக்காளர்கள் பலரும் விரும்பிச் சுடுவது இதை; 1887 முதல் புழக்கத்தில் இருக்கும் தோட்டா, விலை குறைவு, உதைப்பும் குறைவு. இதற்கு உரிமம் வேண்டும். ஆனால் இங்கே ஒரு விலக்கு இருக்கிறது. பலரும் இதைத் தவறாகப் புரிந்துகொள்வதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். உரிமம் பெற்ற ரைபிள் கிளப்பில் உறுப்பினரானால், கிளப்பின் பெயரில் உள்ள துப்பாக்கியைக் கொண்டு, கிளப்பின் சுடுதளத்தில், அவர்கள் மேற்பார்வையில் சுடுவதற்கு உங்களுக்குத் தனி உரிமம் தேவையில்லை. துப்பாக்கி கிளப்பினுடையது, அது அங்கேயே இருக்கும். உறுப்பினர் அட்டையைக் காட்டிக் கடையில் தோட்டா வாங்க முடியாது, துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, சாயல்குடிப் பக்கம் உறவினருடைய பனந்தோப்பில் வைத்துச் சுடவும் முடியாது. இந்த அட்டையையே உரிமம் என்று சொல்லி விற்கும் ஆட்களும் இருக்கிறார்கள். கிளப்புக்காக மதுரை வரை போய்வருவது சிரமம்தான், என்றாலும் மாதம் இரண்டு முறை போய் கிளப் துப்பாக்கியில் சுட்டால் உங்கள் ஆசை முறையாகவே நிறைவேறும்.

.32 பற்றி எச்சரிக்காமல் விட மனம் வரவில்லை. நம் ஊரில் தற்காப்புக்கென்று வாங்கப்படுவது பெரும்பாலும் இதுதான். .32 என்ற ஒரே எண்ணில் இரண்டு வெவ்வேறு தோட்டாக்கள் இருக்கின்றன: ரிவால்வருக்கான (சுழலும் உருளையில் தோட்டா போடும் கைத்துப்பாக்கி) தோட்டாவின் உலோகக் கூடு ஏறத்தாழ 23 மி.மீ. நீளம், பிஸ்டலுக்கானது 17 மி.மீ. குட்டைத் தோட்டா ரிவால்வரின் அறைக்குள் நுழைந்துவிடும் என்பதுதான் ஆபத்து. அதன் அழுத்தம் அதிகம், அந்த ரிவால்வர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ‘.32 தானே, எல்லாம் ஒன்றுதான்’ என்று தோட்டாவைக் கையில் திணிப்பவரிடம் எதுவும் வாங்காதீர்கள். விளையாட்டில் .32க்கு உள்ள இடம் வேறு: 25 மீட்டர் சென்டர் ஃபயர் (அடிப்பகுதியின் நடுவில் ஊசி அடித்து வெடிக்கும் தோட்டா) போட்டியில் மொட்டை முனை கொண்ட .32 ரிவால்வர் வகைத் தோட்டாவை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள், அது காகிதத்தில் வட்டமாக வெட்டியதுபோல் துளை போடும். 2006 தோஹா ஆசியப் போட்டியில் ஜஸ்பால் ராணா 590 புள்ளிகளுடன் உலகச் சாதனையைச் சமன் செய்தது அந்த சென்டர் ஃபயர் போட்டியில்தான். இரண்டாண்டு .22 பழகிய பிறகு நீங்களும் அந்தப் பக்கம் திரும்பலாம்.

சொந்த உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது விளையாட்டுப் பயிற்சி என்று உண்மையான காரணத்தையே எழுதுங்கள். காவல் துறையின் அறிக்கை கிடைத்த 60 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் கூறுகின்றன. எல்லைக் கடற்கரையான நம் மாவட்டத்தில் விசாரணை கடுமையாக இருப்பது நியாயமே. ஆனால் விசாரணை முடிந்த பிறகும் கோப்பு அசையாமல் கிடப்பதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நேர்வழியில் வந்தவரை மேசைக்கு மேசை அலையவிட்டால் அவர் தரகர் வீட்டு வாசலில்தான் போய் நிற்பார். விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டும் தேதியும் கையில் இருந்தால் நேரில் போய்க் கேட்பதற்கு வலு இருக்கும்.

உரிமம் வந்த பிறகும் தொல்லை உண்டு. தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒரு முறை என் ரிவால்வரை ஒரு காவல் நிலையத்தில் ஒப்படைத்து, இரண்டு மாதம் கழித்து வாங்கியபோது, குழலுக்குள் விளக்கை அடித்துப் பார்த்தால் வரிவரியாகத் துரு ஏறியிருந்தது. எண்ணெய் தடவி, துணி சுற்றித்தான் கொடுத்திருந்தேன். அன்றிலிருந்து ஒப்படைக்கும் முன் குழலுக்குள்ளும் கெட்டியான எண்ணெய் விட்டு, ரசீதில் துப்பாக்கியின் நிலையையும் எழுதி வாங்குகிறேன். கச்சான் என்ற மேல்காற்று அடிக்கும் மாதங்களில் வீட்டிலேயே இந்த நிலைதான்: மாலையில் வியர்வைக் கையால் தொட்ட இடத்தில் மறுநாள் காலை விரல் ரேகை பழுப்பாகத் தெரியும். ஈயரவை டப்பாவில் வெள்ளைப் பூச்சு படிந்திருந்தால் அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஈயம் நஞ்சு என்பதால், மகள் பயிற்சி முடித்ததும், சாப்பாட்டில் கை வைக்கும் முன், சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.