ஆட்டுக்கு ரோஜா வேலியா?

கேள்வி: ஐயா, மலேசியாவில் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் 30 ஆடு வைத்திருக்கிறேன். நிலம் முழுக்கக் கம்பி வேலி போடக் கட்டுப்படியாகவில்லை. மல்டிஃப்ளோரா ரோஜா நட்டால் ஆடு தாண்டாது என்று இணையத்தில் விற்றார்கள், இரண்டு பாக்கெட் விதை வாங்கிவிட்டேன். எத்தனை அடிக்கு ஒரு செடி, என்ன உரம்?

பதில்: தம்பி, பாக்கெட்டைப் பிரிக்கவே வேண்டாம். ஜப்பான், கொரியா, சீனப் பக்கத்துச் செடி அது, விதை சில மாதம் குளிரில் கிடந்தால்தான் முளைக்கும். அமெரிக்காவுக்கு 1866-ல் ஒட்டு ரோஜாவுக்கு வேர்ச்செடியாகப் போனது. 1930-களில் மண் அரிப்பைத் தடுக்கும், மாட்டுக்கு வேலியாகும் என்று அரசாங்கமே நடச் சொன்னது. ஒரு பெரிய புதரிலிருந்து வருஷத்துக்கு லட்சக்கணக்கில் விதை, குருவி பழத்தைத் தின்று எச்சமிடும் இடமெல்லாம் செடி, விதை மண்ணில் 20 வருஷம் வரை உயிரோடு கிடக்கும், வளைந்த கிளை தரையைத் தொட்டால் அங்கேயும் வேர் விடும். மேய்ச்சல் நிலம் முள்காடாகி, கடைசியில் பல மாநிலங்கள் அதைக் களையென்று அறிவித்தன. அதை ஒழிக்க அங்கே ஆட்டைத்தான் விடுகிறார்கள், முள்ளோடு சேர்த்துத் தளிரை மொட்டையடித்துவிடும். அதைப் போய் உங்களுக்கு ஆட்டு வேலி என்று விற்றிருக்கிறார்கள்!

இங்கே முளைக்காதென்றால் என்ன கவலை என்று கேட்காதீர்கள். உண்ணிச்செடியும் அழகுக்கு வந்த பூச்செடிதான். இன்று தோட்டத்து ஓரமெல்லாம் அது, தின்ற ஆட்டுக்குக் கண் மஞ்சளாகி, வெயில் பட்ட தோல் வெந்து உரியும். மாக்கிஸ் (செடி, விதை இறக்குமதியைச் சோதிக்கும் மலேசிய அரசுத் துறை) அனுமதி இல்லாமல் வெளிநாட்டு விதையைத் தபாலில் அனுப்புகிறவன் வியாபாரி இல்லை, அவனிடம் இன்னொரு முறை வாங்காதீர்கள். பாக்கெட்டை எரித்துவிடுங்கள், குளிரான கேமரன் மலையில் இருக்கும் சொந்தக்காரருக்கும் கொடுக்க வேண்டாம்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, கம்பிச் செலவை எப்படிக் குறைப்பது என்று. செடி மட்டும் ஆட்டைத் தடுக்காது, இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! கம்பி வேண்டும், ஆனால் தூணுக்குக் காசு வேண்டாம். மணிக்கட்டுப் பருமனில், ஆறடி நீளத்தில் கிளைரிசிடியா என்ற தீவன மரத்தின் போத்து (கிளைத்துண்டு) வெட்டி மழைக்காலத்தில் நடுங்கள், அதுவே தூணாகும். தழையை வெட்டி ஒரு நாள் வாடவிட்டுப் போட்டால் ஆடு நன்றாகத் தின்னும். முதலில் கொட்டகையைச் சுற்றி மட்டும் கட்டுங்கள், மிச்சம் அடுத்த வருஷம். போத்து வேர் பிடித்த பிறகு அதன் ஆட்டுப் பக்கத்தில் கம்பியைக் கட்டுங்கள், அதுவரை ஆட்டை அண்டவிடாதீர்கள், இல்லையென்றால் வேர் பிடிப்பதற்குள் பட்டையை உரித்துத் தின்றுவிடும்.