அறிவியல் கேள்வி – பதில்: பாக்டீரியாக்களுக்குக் கூட்டம் சேர்ந்தது எப்படித் தெரிகிறது?

கேள்வி: பாக்டீரியாக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன என்பதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் போனி பாஸ்லர்தானே?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: ஆரம்பித்து வைத்தவர் அவர் அல்ல, வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர். 1970-இல் ஹார்வர்டில் உட்லண்ட் ஹேஸ்டிங்ஸ், கென்னத் நீல்சன் குழுவினர் விப்ரியோ ஃபிஷெரி என்ற ஒளிவிடும் கடல் பாக்டீரியாவை ஆராய்ந்தார்கள். புது ஊடகத்தில் செல்கள் பெருகிக்கொண்டே போயின, வெளிச்சம் மட்டும் கூடவில்லை. கூட்டம் அடர்ந்த பிறகு திடீரென்று எகிறியது. ஊடகத்தில் ஏதோ தடைப்பொருள் இருக்கிறது, அது தீர்ந்ததும் ஒளி வருகிறது என்பது அதற்கு முன் இருந்த விளக்கம். பாக்டீரியாவே ஒரு பொருளைக் கசியவிடுகிறது, அது போதிய அளவு சேர்ந்ததும்தான் விளக்கு எரிகிறது என்றார்கள் இவர்கள். அடர்ந்த வளர்ப்பிலிருந்து செல்களை நீக்கிவிட்டு, மிஞ்சிய திரவத்தைப் புது வளர்ப்பில் சேர்த்தால் ஒளி முன்னதாகவே வந்துவிடும்.

அந்தப் பொருள் ஹோமோசெரின் லாக்டோன் வகை (இனி ஏஹெச்எல்) என்று 1981-இல் தெரிந்தது. லக்ஸ்-ஐ என்ற நொதி அதைச் செய்கிறது. லக்ஸ்-ஆர் என்ற புரதம் அதைப் பிடித்துக்கொண்டு ஒளி மரபணுக்களை இயக்குகிறது. கூடவே லக்ஸ்-ஐ உற்பத்தியும் கூடுவதால் ஒளி மெல்ல ஏறாமல் சட்டென்று எழும்புகிறது. இப்படிச் சிக்னல் பொருளின் அளவை வைத்துக் கூட்டம் சேர்ந்ததை உணர்வதற்குக் ‘கோரம் சென்சிங்’ என்ற பெயர் வந்தது 1994-இல்தான்.

பாஸ்லர் எடுத்துக்கொண்டது விப்ரியோ ஹார்வெயி என்ற இன்னொரு ஒளிவிடும் கடல் பாக்டீரியா. இனம் கடந்து பல பாக்டீரியாக்கள் செய்யும் ஏஐ-2 என்ற சிக்னலை அவரது ஆய்வுகள் வெளிக்கொண்டு வந்தன. விப்ரியோ ஹார்வெயியில் அதன் வடிவில் போரான் அணு இருப்பது 2002-இல் தெரிந்தது. இதைப் ‘பாக்டீரியாக்களின் பொது மொழி’ என்று எழுதுவது கொஞ்சம் மிகை. சில இனங்களில் அது வளர்சிதை மாற்றத்தின் கழிவாக மட்டுமே வெளியேறுகிறது. பிடிக்கும் புரதம் எதிரில் இருந்தால்தான் அது பேச்சு.

கேள்வி: எங்கள் வனாமி இறால் ஹேச்சரியில் சில இரவுகளில் குஞ்சுகள் ஒளிர்கின்றன, அடுத்து சாகின்றன. ஒளிராத தொட்டி பாதுகாப்பானதுதானா?
– ஹேச்சரி தொழில்நுட்பர், மரக்காணம்

பதில்: அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் இது விப்ரியோ ஹார்வெயி அல்லது அதன் நெருங்கிய உறவான விப்ரியோ கேம்பெல்லி. கூட்டம் அடர்ந்தால்தான் இவை ஒளிரும். தொட்டி நீரில் சிக்னல் கரைந்து போய்விடுகிறது. குஞ்சின் குடலுக்குள் இடம் குறுகல் என்பதால் அங்கே சீக்கிரம் சேர்ந்துவிடுகிறது. ஆகவே குஞ்சு ஒளிரும்போது பெருக்கம் எப்போதோ தொடங்கியிருக்கும். ஒளியே விடாத நோய்க்கிருமி விப்ரியோக்களும் உண்டு.

கண்ணால் பார்ப்பதானால் எல்லா விளக்கையும் அணைத்து, கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் கொடுங்கள். ஆய்வகத்தில் மாதிரியைப் பத்து மடங்கு, நூறு மடங்கு நீர்த்து, 0.1 மி.லி. வீதம் டிசிபிஎஸ் (விப்ரியோக்களைப் பிரித்தெடுக்கும் ஊடகம்) தட்டிலும், கடல்நீரில் தயாரித்த நியூட்ரியன்ட் அகார் தட்டிலும் பரப்புங்கள். 28–30 டிகிரி செல்சியஸில் 18 முதல் 24 மணி நேரம். விப்ரியோ எண்ணிக்கைக்கு டிசிபிஎஸ், ஒளியைப் பார்க்க அகார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஒளி மங்கியிருக்கும். திரவ வளர்ப்பில் ஒளி இல்லையென்றால் குழாயைக் குலுக்குங்கள்: ஒளிவிடும் வினைக்கு ஆக்சிஜன் வேண்டும், அசையாத குழாயில் மேல்பரப்பு மட்டும்தான் ஒளிரும். உள்ளே வரும் கடல்நீர், குஞ்சுகளுக்கு இரையாகும் ஆர்ட்டீமியா, பாசி வளர்ப்பு மூன்றிலும் தனித்தனியாக மாதிரி எடுத்தால்தான் எந்த வழியில் வருகிறது என்று பிடிபடும். குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் ஆன்டிபயாட்டிக் பக்கமே போகாதீர்கள், இரண்டும் தடை செய்யப்பட்டவை.

கேள்வி: 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்ததும் இதே பாக்டீரியாவா?
– இல்லத்தரசி, திருவான்மியூர்

பதில்: இல்லை, அது நாக்டிலூகா என்ற ஒரு செல் மிதவை உயிரி. அலை அடித்தால், கால் பட்டால் மின்னும். பாக்டீரியா ஒளி சீண்டாமலே தொடர்ந்து எரியும்.

கேள்வி: மூலிகைச் சாறு கோரம் சென்சிங்கைத் தடுக்கிறதா என்று, கூட்டம் அடர்ந்தால் ஊதா நிறமி செய்யும் குரோமோபாக்டீரியம் வயலேசியம் என்ற பாக்டீரியாவை வைத்துச் சோதிக்கிறேன். சாற்றில் நனைத்த வட்டின் (டிஸ்க்) சுற்றிலும் ஊதா நிறம் மறைகிறது. முடிவு சாதகம் என்று எழுதலாமா?
– எம்.எஸ்ஸி. மாணவி, திருச்சி

பதில்: அவசரப்படாதீர்கள். இந்தச் சோதனையை வைத்து வந்த கட்டுரைகளில் பலவும் இங்கேதான் சறுக்குகின்றன.

தட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வளையம் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால் சாறு பாக்டீரியாவைக் கொன்றிருக்கிறது, அவ்வளவுதான். நிறமில்லாமல், ஆனால் பால்வெள்ளையாகக் கலங்கி இருந்தால் செல்கள் வளர்ந்திருக்கின்றன, நிறம் மட்டும் வரவில்லை. அதன்பின் அளந்து பாருங்கள். 1 மி.லி. வளர்ப்பை மையவிலக்கில் 13,000 ஆர்பிஎம்மில் பத்து நிமிடம் சுற்றி, அடியில் தங்கியதை 1 மி.லி. டிஎம்எஸ்ஓ கரைப்பானில் நன்றாகக் கலக்கி, மறுபடி சுற்றி, மேல் திரவம் ஒளியை உறிஞ்சும் அளவை 585 நானோமீட்டரில் படியுங்கள். வளர்ச்சியை வழக்கம்போல 600-இல் படித்தால் வயலசீன் என்ற அந்த ஊதா நிறமியே அங்கும் ஒளியை உறிஞ்சும். நிறம் குறைந்தது வளர்ச்சி குறைந்ததாகத் தெரியும். 720-இல் படியுங்கள், காலனி எண்ணிக்கையாலும் உறுதிப்படுத்துங்கள்.

இதெல்லாம் சரியாக வந்தாலும் சந்தேகம் தீராது. வயலசீன் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து உருவாகிறது. சாறு அந்தப் பாதையை எங்கே தடுத்தாலும் நிறம் போகும், சிக்னலுக்குச் சம்பந்தமே இருக்காது. ஆகவே சொந்தமாக ஏஹெச்எல் செய்யாத சிவி026 வகையை எடுத்து, வெளியிலிருந்து ஹெக்சனாயில் ஏஹெச்எல் கொடுத்துச் சோதியுங்கள். அந்த ஏஹெச்எல் அளவைக் கூட்டும்போது நிறம் திரும்பினால், சாறு சிக்னலோடு போட்டி போடுகிறது என்று சொல்ல இடமுண்டு. வேறு நிறமி தரும் இன்னொரு சோதனை வகையிலும் இதே பலன் வர வேண்டும்.

ஊடகத்தின் பிஎச் அளவை மறந்துவிடாதீர்கள். எல்பி ஊடகத்தில் இரவெல்லாம் வளர்ந்தால் பிஎச் 8-ஐத் தாண்டலாம்; அப்போது லாக்டோன் வளையம் தானாகவே திறந்து சிக்னல் செத்துவிடும், ஏஹெச்எல்லின் கார்பன் சங்கிலி குட்டையானால் இன்னும் வேகமாக. பிஎச் மாறாமல் காக்கும் மாப்ஸ் 50 மில்லிமோலார் சேர்த்து பிஎச் 7-இல் நிறுத்துங்கள். சாற்றைக் கரைத்த கரைப்பானை மட்டும் வைத்த வட்டு ஒவ்வொரு தட்டிலும் இருக்கட்டும். இந்த பாக்டீரியா அரிதாகவே மனிதரைத் தாக்கும், தாக்கினால் கடுமையாகத் தாக்கும். தட்டுகளை 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்யாமல் வெளியே அனுப்பாதீர்கள்.

கேள்வி: எல்லோரும் உழைக்கும் கூட்டத்தில் ஓசியில் சாப்பிடும் பாக்டீரியா உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

பதில்: தாராளமாக. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவுக்குப் பால் புரதமான கேசீனை மட்டும் உணவாகக் கொடுத்தால், அதைச் சிதைக்கும் நொதியைச் செல்லுக்கு வெளியே விட வேண்டும். அதற்கு உத்தரவிடுவது லாஸ்-ஆர் என்ற கோரம் புரதம். லாஸ்-ஆர் கெட்டுப்போன செல்கள் செலவில்லாமல் சாப்பிட்டு வேகமாகப் பெருகுகின்றன. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்களின் நுரையீரலிலும் இவை கிடைக்கின்றன. உணவில் அடினோசினும் சேர்த்தால் நிலைமை மாறுகிறது. அதைச் செரிக்கும் நொதி செல்லுக்குள்ளேயே வேலை செய்கிறது, அதற்கும் லாஸ்-ஆர் வேண்டும். ஓசிக்காரருக்கு அதில் பங்கு கிடைப்பதில்லை. இதை 2012-இல் கிரீன்பெர்க் குழு காட்டியது.

கேள்வி: இந்தப் பேச்சைத் தடுத்துவிட்டால் ஆன்டிபயாட்டிக் தேவைப்படாது என்கிறார்களே?
– மருந்தாளுநர், மதுரை

பதில்: கிருமிக்குக் கிருமி விடை மாறும். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸில் ஏஜிஆர் என்ற சிக்னல் அமைப்பைத் தடுத்தால் நச்சு குறையும், ஆனால் ஒட்டும் புரதங்கள் கூடி பயோஃபிலிம் (பரப்பில் ஒட்டி வளரும் பாக்டீரியாப் படலம்) தடிக்கும். உடலுக்குள் வைத்த கதீட்டர், செயற்கை மூட்டு விஷயத்தில் அது ஆபத்து. காலராவில் எல்லாமே தலைகீழ். விப்ரியோ காலரே குறைந்த எண்ணிக்கையில் இருக்கும்போதுதான் நச்சு செய்து குடலில் ஒட்டுகிறது. கூட்டம் அடர்ந்ததும் நச்சை நிறுத்திவிட்டுக் கிளம்புகிறது. தடுத்தால் கெடுதல், சிக்னலைக் கூட்டினால்தான் நன்மை. 2010-இல் வெளியான ஆய்வில், சிஏஐ-1 என்ற அந்தச் சிக்னலைச் செய்யும்படி மாற்றிய தீங்கற்ற ஈ.கோலையை எலிக்குட்டிகளுக்கு முன்கூட்டியே கொடுத்தபோது காலராவில் பிழைத்தவை கூடின.