குடியாத்தம் லுங்கிக்கு 'எஸ்' வேண்டுமா?

கேள்வி: குடியாத்தத்தில் எங்கள் வீட்டில் நாலு தறி ஓடுகிறது. இத்தனை வருஷமாக மொத்த வியாபாரிக்கே லுங்கி கொடுத்துவந்தோம். இனி நாங்களே நேரடியாக விற்கலாம் என்று ஒரு வெப்சைட் தொடங்குகிறோம். ஊர்ப்பெயரோடு 'லுங்கி' என்று ஒருமையில் டொமைன் (வெப்சைட்டின் விலாசப் பெயர்) வாங்கலாம் என்பது என் எண்ணம். "எஸ் சேர்த்து 'லுங்கிஸ்' என்று வாங்கினால்தான் பெரிய கடை மாதிரி இருக்கும், கூகுளிலும் மேலே வரும்" என்கிறார் அண்ணன். இரண்டு பெயருமே இப்போது காலியாக இருக்கின்றன. எதை வாங்குவது?
– வாசகி, குடியாத்தம்

பதில்: இரண்டையும் வாங்குங்கள். ஆனால் கவரிலும் பில்லிலும் அச்சடிப்பது 'எஸ்' இல்லாத பெயராக இருக்கட்டும். உங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டேன் என்று அண்ணன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில், அண்ணனுக்கு அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். வேலூர் லாங் பஜாரில் ஒரு நடை போய்க் கடைப் பலகைகளைப் படித்துப் பாருங்கள். சில்க்ஸ், ஸ்டோர்ஸ், டிரேடர்ஸ், ஸ்வீட்ஸ். உள்ளே போனால் ஒரே கல்லா, ஒரே முதலாளி. பெயர் மட்டும் பன்மை. ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைகளுக்கு 'லெதர்ஸ்' என்று பெயர் வைப்பார்கள். லெதர் என்பதை ஆங்கிலத்தில் சாதாரணமாக எண்ணிச் சொல்வதே இல்லை. ஆனாலும் எஸ் வந்து உட்கார்ந்துவிடுகிறது. வேட்டிக்கு ஜரிகை மாதிரி அது ஒரு அலங்காரம். அதில் தப்பில்லை. பலகையைக் கண்ணால் பார்த்துவிட்டு ஆள் உள்ளே வந்துவிடுகிறார், எஸ்ஸை யாரும் கவனிப்பதில்லை. டொமைனை ஒருவர் எழுத்தெழுத்தாக விரலால் அடிக்க வேண்டும். ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் அவர் போய் நிற்பது வேறொருவர் வாசலில்.

இப்போது உங்கள் வாடிக்கையாளர் வாயைக் கவனியுங்கள். கடைக்கு வருகிறவர் "மூணு லுங்கி கொடுங்க" என்பார். "மூன்று லுங்கிகள்" என்று கேட்டால் அவர் ஏதோ மேடைப் பேச்சாளர் என்று நினைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் 'பால்பகா அஃறிணைப் பெயர்' என்று படித்திருப்பீர்கள். மாடு வந்தது, மாடு வந்தன. மாடு என்ற சொல் மாறுவதில்லை, ஒன்றா பலவா என்று வினை சொல்லிவிடும். லுங்கியும் அந்தச் சாதிதான். ஒரு லுங்கி, ஒரு டஜன் லுங்கி, ஒரு கட்டு லுங்கி. ஒருமை போட்டால் ஒரே ஒரு லுங்கிதான் விற்கிறீர்கள் என்று தமிழ்க் காது ஒருநாளும் நினைக்காது. கைலி என்று சொல்கிறவர்களும் நம் பக்கம் நிறைய. 'கைலிஸ்' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

அப்புறம் போன். உங்கள் வியாபாரத்தில் பாதிப் பேர் விலாசத்தைப் போனில்தான் கேட்பார்கள். பழைய டெலிபோன் இணைப்பு மனிதக் குரலில் ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் (ஒலி நொடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்ற கணக்கு) வரைதான் கடத்தும். 'ஸ்' என்ற சீறலின் பெரும்பங்கு அதற்கு மேலே இருக்கிறது. எஸ் சொன்னால் எதிர்முனையில் எஃப் என்று கேட்பது அதனால்தான். இன்றைய செல்போன் பேச்சு எவ்வளவோ தெளிவு. ஆனால் பேசுகிறவர் காட்பாடி போகிற பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தால் கடைசி எழுத்து காற்றோடு போய்விடும். "கடைசியில எஸ் உண்டுங்க, எஸ் ஃபார் சேலம்" என்று எத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்?

கூகுள் விஷயத்தில் அண்ணன் கொஞ்சம் பழைய தகவலில் இருக்கிறார். தேடும் சொல்லையே அப்படியே டொமைனாக வைத்துக்கொண்டு, உள்ளே சரக்கில்லாமல் மேலே வந்துகொண்டிருந்த சைட்டுகளை 2012 செப்டம்பரில் கூகுள் கீழே தள்ளியது. ஒருமை பன்மையை ஒரே சொல்லின் இரண்டு வடிவம் என்று அதற்கு நன்றாகவே தெரியும். இரண்டுக்கும் விடைகள் சில சமயம் மாறும், ஏனென்றால் தேடுகிறவர் மனசு மாறுகிறது. ஒருமையில் தேடுகிறவர் பல நேரம் அது என்ன என்று தெரிந்துகொள்ள வருகிறார். பன்மையில் தேடுகிறவர் பலதைப் பார்த்துப் பொறுக்கி எடுக்க வருகிறார். அந்த வித்தியாசத்தைப் பக்கத்தின் தலைப்பிலும் விவரத்திலும் காட்டினால் போதும், டொமைனில் தூக்கிச் சுமக்க வேண்டாம். உங்கள் பொருளுக்கு மக்கள் எதை அதிகம் அடிக்கிறார்கள் என்று பார்க்க கூகுள் டிரெண்ட்ஸ் இருக்கிறது, காசு கிடையாது. இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, இந்தியா என்று தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அண்ணனையும் கூட உட்காரவைத்துப் பாருங்கள்.

பன்மையே சரியாக இருக்கிற இடமும் உண்டு. வேலூரில் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ்கள் எத்தனை என்று எண்ணி முடியாது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். எல்லா லாட்ஜையும் வாடகையோடு பட்டியல் போட்டுக் காட்டுகிற சைட்டுக்கு 'வேலூர் லாட்ஜஸ்' பொருத்தமான பெயர். இருபது ரூம் உள்ள ஒரே லாட்ஜ்காரர் அந்தப் பெயரை வாங்கினால், "உங்ககிட்ட ரூம் இல்லாட்டி பக்கத்துல எது காலி?" என்று நாள் முழுக்கப் போன் வரும். பன்மை என்றால் வந்தவர் பல சரக்கை எதிர்பார்ப்பார். ஆம்பூரில் ஷூ தைத்து ஏற்றுமதி செய்கிறவரும் எஸ் போடட்டும். ஆங்கிலம் பேசும் நாட்டில் ஷூவை ஜோடியாகத்தான் நினைப்பார்கள், தேடும்போதும் அப்படித்தான் அடிப்பார்கள். உங்கள் லுங்கியை வெளிநாட்டிலிருந்து கேட்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்கிற நம்மவர்கள். அவர்கள் வாயில் அது லுங்கிதான்.

சரி, ஒருமை போதும் என்றால் இரண்டையும் ஏன் வாங்கச் சொன்னேன்? சூடுபட்டுத்தான் சொல்கிறேன். சில வருஷம் முன்பு அச்சுத் தொழிலில் இருந்த உறவுக்காரர் ஒருவருக்கு நான்தான் பன்மையில் ஒரு பெயர் பிடித்துக் கொடுத்தேன். ஒருமை வேறொருவர் கையில் இருந்தது. அது சும்மாதானே கிடக்கிறது என்று விட்டுவிட்டோம். பாதி வாடிக்கையாளர்கள் எஸ்ஸை விட்டுவிட்டு இமெயில் அனுப்பினார்கள். கல்யாணப் பத்திரிகைக்கான வாசகம், மாப்பிள்ளை வீட்டு முகவரி, எல்லாம் முகம் தெரியாத ஆளுக்குப் போய்க்கொண்டிருந்தது. திரும்பி வந்திருந்தாலாவது தப்பு தெரிந்திருக்கும். அந்த டொமைன்காரர் எந்தப் பெயருக்கு வரும் மெயிலையும் வாங்கிக்கொள்கிற மாதிரி அமைத்துவைத்திருந்ததால் எங்களுக்கு எதுவுமே தெரியவில்லை. ஒரு முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன்பு பெண் வீட்டார் நேரில் வந்து சத்தம் போட்டபோதுதான் புரிந்தது.

அதனால் இரண்டும் உங்கள் கையில் இருக்கட்டும். பன்மைப் பெயரை அடித்தாலும் ஒருமைப் பெயருக்கே வந்து சேரும்படி நிரந்தர ரீடைரக்ட் போடச் சொல்லுங்கள். அதற்கு எண் 301, சொன்னால் வெப்சைட் செய்கிற பையனுக்குப் புரியும். இமெயிலையும் இரண்டு பெயருக்கும் அமைக்கச் சொல்லுங்கள், இதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். செலவு ஒரு பெயருக்கு வருஷம் ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் ஆகும். முதல் வருஷம் மலிவாகக் காட்டுவார்கள். புதுப்பிக்கிற விலையைப் பார்த்து வாங்குங்கள். பதிவு அந்தப் பையன் பெயரில் இல்லாமல் உங்கள் பெயரிலும் உங்கள் இமெயிலிலும் இருக்க வேண்டும். இதில் தாட்சண்யமே பார்க்காதீர்கள். ஒரே தடவையில் அதிகபட்சம் 10 வருஷத்துக்குப் பதியலாம்.

நடுவில் ஹைஃபன், அதாவது சின்னக் கோடு, போட்டு அழகாகப் பிரித்துக்கொள்ளலாமே என்று யாராவது சொல்வார்கள். போனில் அதையும் சொல்லவேண்டியிருக்கும், வேண்டாம். (எக்ஸ்பர்ட்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்ற பழைய சைட் ஒன்று ஹைஃபனுக்கு மாறியது. அந்த இரண்டு சொல்லையும் ஆங்கிலத்தில் ஒட்டி எழுதி, எஸ்ஸை அடுத்த சொல்லோடு சேர்த்துப் படியுங்கள். குழந்தைகள் பக்கத்தில் இல்லாதபோது.) தமிழ் எழுத்திலேயே முடிகிற '.இந்தியா' டொமைனும் இருக்கிறது. விருப்பமிருந்தால் மூன்றாவதாக அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 'கள்' சேர்க்கிற யோசனை அண்ணனுக்கே வராது.

இவ்வளவும் எஸ்ஸைப் பற்றி. நீங்கள் கேட்காத ஒன்று அதைவிடப் பெரிய தலைவலி. குடியாத்தத்தை ஆங்கிலத்தில் எப்படி எழுதப்போகிறீர்கள்? ஒரு பலகையில் முடிவில் 'டி.எச்.', இன்னொரு பலகையில் இரட்டை 'டி'. ஊர்க்காரர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாது, வெளியூர்க்காரர் என்ன செய்வார்? வாங்குவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிற நாலைந்து சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு, டொமைனை வாயால் ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். எழுத்துக்கூட்டாதீர்கள். காதில் விழுந்ததை அப்படியே அடித்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதிகம் பேர் எப்படி அடித்து அனுப்புகிறார்களோ அதைக் கவரில் போடுங்கள். அடுத்தபடியாக வந்ததை வாங்கி ரீடைரக்ட் செய்துவிடுங்கள். அண்ணனுடைய எஸ் எத்தனை பேரிடமிருந்து திரும்பி வருகிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.