கேளுங்கள், சொல்கிறோம்: டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கலாமா, ஃபிலிமே போதுமா?

கேள்வி: அப்பா விட்டுச் சென்ற யாஷிகா எலக்ட்ரோ 35 கேமராவில் எங்கள் பகுதி நடுகற்களையும் தை மாத எருது விடும் விழாவையும் கறுப்பு வெள்ளையில் எடுத்து வருகிறேன். மாதத்திற்கு இரண்டு ரோல் ஆகிறது. ஃபிலிம் விற்கும் விலையைப் பார்த்தால், பழைய லைகா டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் (சாளரத்தில் தெரியும் இரட்டை உருவத்தை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்யும் கேமரா) ஒன்றை வாங்கிவிட்டால் பிறகு ஒவ்வொரு படமும் இலவசம்தானே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியா?
- பள்ளி ஆசிரியர், பாலக்கோடு

பதில்: இலவசம் என்ற சொல்லை முதலில் ஒதுக்கி வைத்துவிடுவோம். ஃபிலிமில் நாம் படத்துக்குப் படம் காசு கொடுக்கிறோம். டிஜிட்டலில் வரப்போகும் ஆண்டுகளுக்கெல்லாம் சேர்த்து முன்கூட்டியே கொடுத்துவிடுகிறோம். ஆகவே எது மலிவு என்பதை முடிவு செய்வது கேமராவின் விலை மட்டுமல்ல, ஓர் ஆண்டில் நீங்கள் எத்தனை ரோல் எடுக்கிறீர்கள் என்பதும்தான். அதை நீங்களே எழுதியிருப்பதால் கணக்குப் போடுவது எளிது.

கீழே வரும் ரூபாய் எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. நீங்கள் வாங்கும் கடையிலும் கழுவும் லேப்பிலும் கேட்ட விலையை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு ரோலின் விலை, லேப்பில் கழுவும் கூலி, ஸ்கேன், பெங்களூருக்குப் போய்வரும் கூரியர் எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய் என்று வைத்தால், 36 படம் கொண்ட ரோலில் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 42 ரூபாய் விழுகிறது. மாதம் இரண்டு ரோல் என்றால் ஆண்டுக்கு 36,000 ரூபாய். மறுபக்கம், பழைய டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் உடல் இரண்டரை லட்சம் என்று கொள்வோம். அந்த விலையில் லென்ஸ் சேராது என்பதை உங்கள் நண்பர்கள் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. யாஷிகாவின் 45 மி.மீ. லென்ஸ் கேமராவோடு பிணைந்தது. கழற்றி வேறொன்றில் மாட்ட முடியாது. கொசினா நிறுவனம் தயாரிக்கும் ஃபோக்ட்லாண்டர் லென்ஸ் ஒன்றுக்கு இன்னும் 50,000 ரூபாய் சேர்த்தால் மொத்தம் மூன்று லட்சம். அதை 1,500 ஆல் வகுத்தால் 200 ரோல். உங்கள் வேகத்தில் அது எட்டு ஆண்டுகளுக்கும் சற்று மேல்.

நீங்கள் கறுப்பு வெள்ளை எடுப்பவர் என்பதால் இன்னொரு கணக்கும் உண்டு. நூறு அடி நீள மொத்தச் சுருளாக ஃபிலிம் வாங்கினால் அதிலிருந்து 36 படம் கொண்ட ரோல்கள் ஏறத்தாழ 18 சுற்றிக்கொள்ளலாம். வீட்டிலேயே கழுவினால், மருந்துச் செலவோடு ஒரு ரோல் 650 ரூபாய்க்குள் அடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டாங்க், இருட்டுப்பை, வெப்பமானி, சுற்றும் கருவி, ஸ்கேன் ஏற்பாடு ஆகியவற்றுக்கு ஒருமுறைச் செலவாக 20,000 ரூபாயை ஒதுக்கிய பிறகும், அந்த மூன்று லட்சத்தைத் தொட உங்களுக்கு ஏறத்தாழ 18 ஆண்டுகள் ஆகும்.

அத்தனை ஆண்டு ஒரு டிஜிட்டல் உடல் உழைக்குமா என்பதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கும் கேள்வி. 2009 இல் வந்த லைகா எம்9, 35 மி.மீ. ஃபிலிமின் முழு அளவு சென்சாருடன் வந்த முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர், 18 மெகாபிக்சல், அதன் நிறங்களுக்காக இன்றும் அதைத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதன் சென்சாரை மூடியிருந்த கண்ணாடி ஈரப்பதத்தால் அரிக்கப்பட்டு, படங்களில் வட்டவட்டமாகப் புள்ளிகள் தோன்றத் தொடங்கின. நிறுவனம் சில காலம் இலவசமாக மாற்றிக் கொடுத்தது. பிறகு மாற்று சென்சார்களின் இருப்பே தீர்ந்துவிட்டது. சென்சார் மாற்றப்படாத எம்9 மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், அந்த மலிவுக்கு இதுதான் காரணம். புதிதாக வாங்கலாம் என்றால், 2022 இல் அமெரிக்காவில் எம்11 வெளிவந்தபோது உடலின் விலை மட்டும் 8,995 டாலர். 1954 இல் எம்3 கேமராவுடன் வந்த லென்ஸ் அந்த எம்11 இலும் பொருந்துகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ரேஞ்ச்ஃபைண்டரில் பணம் போடுவதென்றால் லென்ஸில் போடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது அதனால்தான். உடல் பழசாகும், லென்ஸ் அவ்வளவு விரைவில் பழசாகாது.

எருது விடும் விழாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கம்பு கட்டிய தடுப்புக்கு இருபுறமும் ஆட்கள் நெருக்கியடித்து நிற்க, மாடு வந்து கடக்கும் அந்த ஓரிரு நொடியில் இரட்டை உருவத்தை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்ய எந்த ரேஞ்ச்ஃபைண்டரிலும் நேரம் இருக்காது, அது எத்தனை லட்சமானாலும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 400 ஒளியுணர்வு கொண்ட ஃபிலிமைப் போட்டு, உங்கள் யாஷிகாவில் லென்ஸ் துளையைச் சிறிதாக்கி எஃப்16 இல் வைத்து, ஃபோகஸ் வளையத்தை 4 மீட்டரில் நிறுத்திவிடுங்கள். 2 மீட்டரிலிருந்து வெகுதூரம் வரை எல்லாம் தெளிவாக விழும். கண்ணாடிச் சாளரத்தில், படத்தின் எல்லையைக் காட்டும் சட்டக் கோட்டுக்கு வெளியேயும் கொஞ்சம் தெரிவதால், மாடு சட்டத்துக்குள் நுழையும் முன்பே அதைப் பார்த்துவிடுவீர்கள். விலையுயர்ந்த கேமரா கொடுக்கும் இந்த வசதி உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

மாதம் எட்டு ரோல் எடுப்பவராக நீங்கள் இருந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்; அதே லேப் கணக்கில் ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் மூன்று லட்சம் ஈடாகிவிடும். உங்கள் அளவுக்கு ஃபிலிமில் நிற்பதுதான் பணத்துக்கும் சரி, நடுகல் முன் நின்று வெளிச்சம் சாயும் வரை காத்திருந்து எடுக்கும் உங்கள் வேலைக்கும் சரி. இப்போதைக்கு அந்த மூன்று லட்சத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து யாஷிகாவை நல்ல கைகளில் ஒருமுறை சர்வீஸ் செய்து வாருங்கள். அதன் பழைய பாதரச பேட்டரி இப்போது தயாரிக்கப்படுவதில்லை. அடாப்டருடன் 6 வோல்ட் பேட்டரி போட்டால் இயங்கும்.

கேள்வி: வீட்டில் ஃபிலிம் கழுவ ஆரம்பித்திருக்கிறேன். மருந்து டப்பாவில் 20 டிகிரி என்று போட்டிருக்கிறார்கள். சித்திரை மாதத்தில் எங்கள் தொட்டித் தண்ணீர் 30 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. காய்ந்த நெகட்டிவில் வெள்ளைப் புள்ளிகளும் வருகின்றன. இந்த ஊரில் இது நடக்கிற காரியமா?
- கல்லூரி மாணவி, தருமபுரி

பதில்: நிச்சயமாக நடக்கும். செலவைப் பாதிக்கு மேல் குறைப்பது இந்த ஒரு வேலைதான் என்பதால் விட்டுவிடாதீர்கள்.

சூட்டைப் பற்றி முதலில். இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் ஃபிலிமை ஐடி-11 டெவலப்பரில் (படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்து), மருந்தும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து 20 டிகிரியில் கழுவினால் 13 நிமிடம். சூடு ஏற ஏற நேரம் குறையும். 24 டிகிரியில் அது ஏறத்தாழ 9 நிமிடமாகிவிடும். 30 டிகிரியில் நேரம் மிகவும் சுருங்கி, மருந்தை ஊற்றி வடிக்கும் நொடிகளே கணக்கைக் கெடுத்துவிடும். 5 நிமிடத்துக்குக் கீழே போனால் ஃபிலிம் முழுவதும் சீராகக் கழுவப்படாது. ஆகவே 20 டிகிரியைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை, 24 டிகிரிக்கு இறங்கினால் போதும். பெரிய வாளியில் தண்ணீர் நிரப்பி, வீட்டு ஃபிரிட்ஜில் உறைய வைத்த தண்ணீர் பாட்டில்களை அதில் போட்டு, டெவலப்பர், ஃபிக்ஸர் (வெளிவந்த படத்தை நிலைநிறுத்தும் மருந்து), அலசும் தண்ணீர் மூன்றையும் அதே வாளியில் நிறுத்தி வையுங்கள். டெவலப்பரை மட்டும் குளிரவைத்துவிட்டு அலசும் தண்ணீரைக் குழாயிலிருந்து சூடாகப் பிடிப்பது பலரும் செய்வது. அதில் ஃபிலிமின் மேலிருக்கும் மருந்துப் படலம் விரிந்து கெடும் அபாயம் உண்டு. மூன்றும் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று டிகிரிக்குள் இருக்கட்டும்.

புள்ளிகளுக்குக் காரணம் தண்ணீர். தருமபுரி மாவட்ட நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்பு முதலிய உப்புகளும் கரைந்திருக்கும். கொடியில் தொங்கும் நெகட்டிவில் ஒரு துளி நின்று, ஓரத்திலிருந்து உள்நோக்கிக் காய்ந்து, கடைசியில் வெண்மையான சிறு வட்டத்தை விட்டுச் செல்வதை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்தால் பார்க்கலாம். அந்த வட்டம் உப்பு. குழாய்த் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் அது போகாது, அலசும் தண்ணீரே அதைக் கொண்டு வருகிறது. கடைசி அலசலை மட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் செய்யுங்கள். ஒரு ரோலுக்கு 300 மில்லி போதும். அதில் ஃபிலிமுக்கென்றே விற்கும் ஈரமூட்டும் திரவத்தைச் சில துளிகள் கலந்தால் தண்ணீர் துளியாக நிற்காமல் வழிந்துவிடும். ஏற்கெனவே புள்ளி விழுந்த நெகட்டிவ்களையும் இப்படியே ஊறவைத்து அலசி மீட்கலாம். பளபளப்பான பின்பக்கத்தை மெல்லிய துணியால் துடைக்கலாம், மங்கலான முன்பக்கத்தை மட்டும் தேய்த்துவிடாதீர்கள்.

ஃபிக்ஸர் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க, ரோலின் முனையில் வெட்டியெறியும் துண்டை அதில் போட்டு, அது தெளிவாக எத்தனை நேரம் ஆகிறது என்று பாருங்கள். அதைப்போல் இரு மடங்கு நேரம் ஃபிலிமை ஃபிக்ஸரில் வைக்க வேண்டும். தீர்ந்துபோன ஃபிக்ஸரில் ஃபிலிமிலிருந்து கரைந்த வெள்ளி இருக்கிறது. அதைக் கிணற்றடியிலோ தோட்டத்திலோ கொட்டாமல் கேனில் சேர்த்து வைத்து, வெள்ளி பிரித்தெடுப்பவர்களிடம் கொடுங்கள். குடிநீருக்கே இவ்வளவு பாடுபட்ட மாவட்டம் இது.

கேள்வி: பெங்களூரில் ஒருவர் லைகா எம்8 கேமராவைக் குறைந்த விலைக்குத் தருகிறார். தொழிற்சாலையில் உடன் பணிபுரிபவர்களை இயல்பாகப் படமெடுக்க ஆசை. வாங்கலாமா?
- வாசகர், ஓசூர்

பதில்: 2006 இல் வந்த எம்8 தான் லைகாவின் முதல் டிஜிட்டல் எம் கேமரா. அதன் சென்சார் அகச்சிவப்பு ஒளியையும் வாங்கிக்கொள்வதால், கறுப்பு நிறச் செயற்கை இழைத் துணிகள் ஊதாச் சாயலில் விழும். இதற்காக அந்தக் காலத்தில் நிறுவனமே வாடிக்கையாளர்களுக்கு லென்ஸில் மாட்டும் ஃபில்டர்களை இலவசமாகக் கொடுத்தது. சீருடை அணிந்தவர்களை வண்ணத்தில் எடுக்கப்போகிற உங்களுக்கு ஒவ்வொரு லென்ஸுக்கும் அந்த ஃபில்டர் தேவைப்படும். சென்சாரும் சற்றுச் சிறியது, 35 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 47 மி.மீ. போல நடந்துகொள்ளும், அதாவது காட்சி குறுகிவிடும். பின்பக்கத் திரை பழுதானால் மாற்றுப் பாகம் கிடைப்பது அரிது. கறுப்பு வெள்ளையில் மட்டும் எடுப்பதென்றால் வாங்கலாம். வண்ணம்தான் வேண்டுமென்றால் அதே பணத்தில் ஃபூஜிஃபிலிமின் எக்ஸ்100 வரிசையில் பழைய மாடல் ஒன்றைப் பாருங்கள். அது ரேஞ்ச்ஃபைண்டர் அல்ல, தானாக ஃபோகஸ் செய்வது, ஆனால் அதே போன்ற ஒளிச்சாளரம் கொண்டது, ஷட்டர் சத்தமும் மிகக் குறைவு.

கேள்வி: ஊட்டியில் ஃபிலிம் தொழிற்சாலை இருந்த காலத்தில் அதன் ‘இந்து’ என்ற பெயர் கொண்ட ஃபிலிம் எல்லா ஸ்டுடியோவிலும் கிடைத்ததாக எங்கள் பெரியப்பா சொல்வார். இன்று ஏன் இவ்வளவு விலை?
- வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: ஊட்டியின் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1960 இல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனம், 1967 இல் உற்பத்திக்கு வந்தது. கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் நம் மண்ணிலேயே தயாராயின. வண்ணத்துக்குச் சந்தை மாறியபோது அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. இறக்குமதியும் பெருகியதில் நலிந்து மூடப்பட்டது. தமிழ்நாடு கைவிட்டிருக்கக் கூடாத ஒரு திறமை அது என்று நான் இன்றும் நினைக்கிறேன். இப்போது நாம் வாங்கும் கோடாக் அமெரிக்காவிலிருந்தும், இல்ஃபோர்ட் இங்கிலாந்திலிருந்தும், ஃபோமா செக் நாட்டிலிருந்தும் வருகின்றன. டாலரும் பவுண்டும் ஏறினால் நம் ரோலும் ஏறும், வெள்ளி விலையும் கூடவே சேரும். மூன்றில் ஃபோமா பொதுவாக விலை குறைந்தது. பழகுவதற்கு அதிலிருந்து தொடங்கலாம்.

கேள்வி: ஒகேனக்கல் பரிசலிலும் அஞ்செட்டிக் காட்டுப் பாதையிலும் கோடையில் படமெடுக்கப் போகிறேன். ஃபிலிமை எப்படிக் கொண்டுபோவது?
- வாசகர், பென்னாகரம்

பதில்: வண்டிப் பெட்டியில் வைக்காதீர்கள், மதிய வெயிலில் அதனுள் ஏறும் சூட்டில் வண்ண ஃபிலிமின் நிறமே மாறிவிடும். வீட்டில் ஃபிரிட்ஜில் வைத்திருந்தால், கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து, டப்பாவைத் திறக்காமல் அப்படியே வையுங்கள். குளிர்ந்த ஃபிலிமை உடனே திறந்தால் அதன்மேல் ஈரம் படியும். பரிசலில் ஏறும் முன் பயன்படுத்தாத ரோல்களைக் கரையில் நிற்பவரிடம் கொடுத்துவிட்டு, கேமராவில் புது ரோல் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஏறுங்கள். தெறிக்கும் தண்ணீரில் ஈரக் கையோடு ரோல் மாற்ற முடியாது. எடுத்து முடித்த ரோல்களை வீடு திரும்பியதும் கழுவிவிடுவது நல்லது. முடியாவிட்டால் காற்றுப்புகாத டப்பாவில் மூடி மீண்டும் ஃபிரிட்ஜில் வையுங்கள்.