ஞாயிற்றுக்கிழமை பையர்களை எங்கே அழைத்துப் போவது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை செய்கிறேன். மாசி மாதம் ஐரோப்பாவிலிருந்து ஆறு பையர்கள் (எங்களிடம் துணி வாங்கும் நிறுவனத்தார்) வருகிறார்கள். நடுவில் வரும் ஞாயிறு அவர்களுக்கு ஓய்வு. "எங்கள் ஊர்ப் பக்கம் பத்துப் பேருக்குள் ஒரு வேனில் கிளம்பி, ஒயின் செய்யும் இடம், உள்ளூர்ச் சாப்பாடு, இரண்டாயிரம் வருஷத்துப் பழைய ஊர் என்று ஒரே நாளில் பார்த்துவிடுவோம். அதுபோல இங்கே உண்டா?" என்று எழுதியிருக்கிறார்கள். கோவிலும் மாலும் காட்டி அனுப்ப மனமில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, திருப்பூர்

பதில்: உண்டு, சகோதரி. திருப்பூரிலிருந்து கிளம்பி ஊத்துக்குளி, கொடுமணல், காங்கேயம், படியூர் வழியாகச் சுற்றித் திரும்பினால் எண்பது கிலோமீட்டருக்குள் முடியும். மூன்றில் இரண்டு அப்படியே கிடைக்கும். ஒயின் விஷயத்தை மட்டும் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

இந்தச் சுற்றில் ஒயின் ஆலை கிடையாது. மதுவிலக்கு 1937 அக்டோபரில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்ததே நம் சேலம் மாவட்டத்தில்தான். கள் விற்பனைக்கு 1987 ஜனவரியிலிருந்து தமிழகம் முழுக்கத் தடை. தெரிந்தவர் வீட்டில் திராட்சை ஊறப்போட்ட ஒயின் இருக்கிறது என்று யாராவது சொன்னாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சுவதும் ஊறவைப்பதும் குற்றம். விருந்தாளி வெளிநாட்டுக்காரர் என்றால் சங்கடம் இரட்டிப்பு. வேனுக்குள் பாட்டில் திறப்பதும் கூடாது. குடிக்க விரும்புகிறவர்கள் மாலையில் விடுதிக்குத் திரும்பி அங்குள்ள உரிமம் பெற்ற பாரில் குடிக்கட்டும். திராட்சைப் பந்தலைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் கம்பம் பள்ளத்தாக்குக்குத்தான் போகவேண்டும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் போகவே ஐந்து மணி நேரம் ஆகும். ஒரு நாளில் அடைக்கப் பார்த்தால் வேனுக்குள்ளேயே பொழுது போய்விடும்.

ஆனாலும் அவர்கள் கேட்ட ஒயினுக்கும் நம் மண்ணுக்கும் ஆழமான ஒட்டு உண்டு. புறநானூற்றின் 56-ஆம் பாட்டு, யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்து மணக்கும் தேறலைச் சொல்கிறது. ஒயின் வந்த ஆம்போரா சாடிகளின் உடைந்த ஓடுகள் அரிக்கமேட்டில் கிடைத்தன, கரூரிலும் கிடைத்தன. மேற்குக் கடற்கரை முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போன பெருவழி நம் நொய்யல் கரையை ஒட்டித்தான் போனது. கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரில் 1842-ல் ரோமானிய வெள்ளிக் காசுப் புதையல் கிடைத்தது. அவர்கள் ஊர் ஒயினும் காசும் வந்த வழி அது. நம் ஊர் மணியும் இரும்பும் போன வழியும் அதுதான். அன்றைய சுற்றுக்கு இந்த ஒரு கதையே போதும். வேன் கிளம்பிய முதல் கால்மணி நேரத்தில் இதைச் சொல்லிவிட்டால், பிறகு பார்ப்பதெல்லாம் தானாக இதில் வந்து கோத்துக்கொள்ளும்.

காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள். ஏழுக்குக் கிளம்பினால் முதல் சரக்கே கெட்டுவிடும். முதல் சரக்கு தெளுவு, அதாவது பதநீர். ஊத்துக்குளி, காங்கேயம் பக்கம் காட்டு வேலியோரப் பனைகளில் தை பிறந்ததிலிருந்து ஆனி வரை இறக்குவார்கள். பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவதுதான் இதில் முக்கியமான வேலை. பாளையிலும் காற்றிலும் இயல்பாகவே இருக்கும் ஈஸ்ட், இனிப்புச் சாற்றைச் சில மணி நேரத்தில் நொதிக்க வைத்துவிடும். சுண்ணாம்பின் காரம் அதைத் தடுக்கிறது. நேற்றைய கலயத்தைக் கழுவாமல் திரும்பக் கட்டினாலோ, சுண்ணாம்பு சில இடத்தில் மட்டும் பட்டிருந்தாலோ புளிக்கத் தொடங்கிவிடும். ஓரத்தில் நுரை கட்டிப் புளிப்பு வாடை வந்தால் அது தெளுவு இல்லை, கள். வாங்காதீர்கள். சுண்ணாம்பு கூடிப்போனால் நாக்கு வறண்டு, குடித்ததும் ஒரு கசப்பு நிற்கும். நல்லபடி இறக்கியதைப் பத்து நிமிஷம் அசையாமல் வைத்தால் சுண்ணாம்பு அடியில் படிந்துவிடும். மேலாகத் தெளிந்ததை மட்டும் மெல்லிய துணியில் வடித்து ஊற்றச் சொல்லுங்கள்.

ஆளுக்கு 200 மில்லி போதும். நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை உள்ள பானம் என்பதால் சர்க்கரை நோயாளிகள் இருக்கிறார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். உங்களோடு சேர்த்து எட்டுப் பேர் என்று வைத்தாலும், இன்னொரு டம்ளர் கேட்பவர்களுக்கும் சேர்த்து நாலு லிட்டர் சொல்லி வையுங்கள். கழுவிய ஸ்டீல் டம்ளர்களை நீங்களே கொண்டு போங்கள். மரம் ஏறுகிறவரைப் போட்டோவுக்காக இரண்டாவது தடவை ஏறச் சொல்லாதீர்கள். உயிரைப் பணயம் வைக்கும் வேலை அது. அவர் ஏறும் நேரத்துக்கு நாம் போய் நிற்பதுதான் முறை. தெளுவுக்கு ஒரு விலை, அவர் நின்று விளக்கும் நேரத்துக்குத் தனியாக ஒரு கூலி என்று கொடுங்கள்.

பனையில் அன்றைக்கு இறங்கவில்லை என்றால் தென்னம்பாளையில் இறக்கும் நொதிக்காத சாறான நீரா இருக்கிறது. பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் உரிமம் பெற்ற தென்னை உற்பத்தியாளர் நிறுவனங்கள் இறக்குகின்றன. இதில் சுண்ணாம்பு சேர்ப்பதில்லை, குளிர்ச்சியில்தான் நொதிக்காமல் காக்கிறார்கள். அதனால் ஐஸ் பெட்டியிலேயே வாங்கி, குடிக்கும் வரை பெட்டியைத் திறக்காமல் வையுங்கள்.

அடுத்தது ஊத்துக்குளியில் ஒரு வீட்டில் காலை உணவு. ஓட்டலைவிட வீடுதான் நல்லது, வெண்ணெய் உருக்குவதைக் கண்ணெதிரே காட்டலாம். ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பெயர் வந்தது சும்மா இல்லை. இந்த வறண்ட பூமியில் கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும் வளர்த்து வைத்திருக்கும் கொரங்காடுதான் மாட்டுக்கு மேய்ச்சல் நிலம். வழியில் ஒரு கொரங்காட்டுத் தொட்டியோரம் இரண்டு நிமிஷம் நிறுத்திக் காட்டுங்கள். காங்கேயம் கன்று செம்பழுப்பாகப் பிறந்து, ஆறு மாதவாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறுவதைச் சொன்னால் ரசித்துக் கேட்பார்கள்.

உருக்க அரைக் கிலோ வெண்ணெய் போதும். அடி கனமான பாத்திரம், சிறு தீ. முதலில் வெண்ணெயில் உள்ள நீர் சடசடவென்று பொரியும். சத்தம் அடங்கி, அடியில் படிவது பொன்னிறமாக மாறும்போது ஒரு கைப்பிடி முருங்கை இலை போட்டு உடனே இறக்கவேண்டும். அரை நிமிஷம் தாமதித்தால் கருகல் வாடை வந்துவிடும். சத்தம் அடங்கும் முன்பே இறக்கினால் ஈரம் நின்று நாலு நாளில் சிக்கு வாடை அடிக்கும். அரைக் கிலோவுக்கு 400 கிராமுக்குச் சற்றுக் குறைவாக நெய் நிற்கும். அந்தச் சூட்டோடு சந்தகைக்கு (சேவைக்கு) ஊற்றிக் கொடுங்கள். சந்தகையைத் தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையுமாக ஒரு தட்டு, எள்ளுப்பொடியோடு ஒரு தட்டு என்று இரண்டு விதமாக வைக்கலாம். காரமே இல்லாத சாப்பாடு என்பதால் முதல் வேளைக்கு யாருடைய வயிறும் முரண்டு பிடிக்காது. எள், முந்திரி, பால் இவற்றில் யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று ஒரு வாரம் முன்பே மின்னஞ்சலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கழிப்பறைக்கு இங்கேயே எல்லோரும் போய்விட்டுக் கிளம்பட்டும். கொடுமணல் காட்டில் வசதி கிடையாது.

எட்டே முக்கால், ஒன்பதுக்குக் கொடுமணல். இங்கேதான் பெரும்பாலான சுற்றுலாக்கள் சொதப்புகின்றன. அவர்கள் தூணும் சுவரும் எதிர்பார்த்து வருவார்கள். இருப்பதோ நொய்யலின் வடகரையில் ஒரு சிற்றூர், மேட்டு நிலம், கல்வட்டங்கள். தோண்டிய குழிகளை ஆய்வு முடிந்ததும் மண் போட்டு மூடிவிடுவார்கள். இதை முந்தின நாளே சொல்லாவிட்டால் வேனை விட்டு இறங்கியதும் முகம் வாடிவிடும். அகழாய்வில் கிடைத்த பொருட்களின் படங்களை ஏ3 அளவில் அச்சடித்து லேமினேட் செய்து பத்துப் பன்னிரண்டு எடுத்துப் போங்கள். மணிகள், ஈமக்குழி, உலை, எழுத்துள்ள பானை ஓடு. அந்தந்த இடத்தில் நின்று அந்தந்தப் படத்தைக் கையில் கொடுத்தால் வெறும் காடு ஊராக மாறும்.

சொல்லவேண்டியவை நிறைய இருக்கின்றன. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் 'கொடுமணம்' என்று பாடியது இந்த ஊரைத்தான் என்பது ஆய்வாளர் முடிவு. அரிசில்கிழார் சொல்வது 'வினைமாண் அருங்கலம்', அதாவது வேலைப்பாட்டில் சிறந்த அரிய அணிகலன். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டியபோது கிடைத்ததும் அதுவேதான். பளிங்கு, பச்சைக்கல் (பெரில்), சூதுபவளம், அகேட் என்று மணிகள், பாதி செய்தவை, உடைந்தவை, துளை போடும்போது பிளந்தவை. முழு மணி மட்டும் கிடைத்திருந்தால் இங்கே வாங்கி அணிந்தார்கள் என்றுதான் சொல்லமுடியும். பாதி வேலையில் நின்ற மணிதான் இங்கே பட்டறை இருந்ததற்குச் சாட்சி. உங்கள் பையர்களுக்கு இது சட்டென்று புரியும், கட்டிங் வேஸ்ட்டைப் பார்த்தே தொழிற்சாலையை எடைபோடுகிறவர்கள் ஆயிற்றே! பச்சைக்கல் பக்கத்துப் படியூரிலிருந்து வந்தது. சூதுபவளமும் அகேட்டும் குஜராத் பக்கத்திலிருந்து, நீல நிற லாபிஸ் லசுலி ஆப்கானிஸ்தானிலிருந்து. ஒரே ஓர் ஈமக்குழியில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. இரும்பையும் எஃகையும் உருக்கிய உலைகளும் இங்கே வெளிப்பட்டன. தமிழ்-பிராமி எழுத்தில் ஆட்பெயர் கீறிய ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. வடமொழிப் பெயர்களும் அவற்றில் கலந்திருப்பது, வெளியூர் வணிகர் இங்கே வந்து தங்கியதைக் காட்டுகிறது.

நிலம் பெரும்பாலும் பட்டாக்காடு. வெள்ளாமை நிற்கும் காட்டில் இறங்காமல், ஊரில் ஒருவரிடம் முன்பே பேசி அவரோடு போங்கள். கீழே கிடக்கும் ஓட்டையோ மணியையோ யாரும் எடுத்துப் பையில் போடக்கூடாது என்று வேனிலேயே கண்டிப்பாகச் சொல்லுங்கள். தொல்பொருளை நாட்டைவிட்டு வெளியே கொண்டு போவது 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விமான நிலையத்தில் மாட்டினால் விளையாட்டாக எடுத்தேன் என்பது எடுபடாது. அதோடு, எடுத்த இடம் தெரியாத ஓடு ஆய்வுக்கும் உதவாது.

அடுத்து ஆறு. கரையில் நின்றால் நொய்யல் ஏன் இப்படி இருக்கிறது என்று கட்டாயம் கேட்பார்கள், அதுவும் துணித் தொழிலில் இருப்பவர்கள். மழுப்பாதீர்கள். சாயக்கழிவு இந்த ஆற்றையும் கீழே ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் கட்டாயத்தோடுதான் பிறகு திறந்தன. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். இரண்டாயிரம் வருஷமாகத் தொழில் நடந்த கரை இது. அந்தத் தொழிலின் நல்லதும் கெட்டதும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவைதான்.

பதினொன்றுக்குள் கிளம்பிவிடுங்கள். மாசி வெயில் அதற்கு மேல் தாங்காது, ஒதுங்க நிழலும் இல்லை. தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் மூடி பிரிக்காத தண்ணீர், முள் ஏறாத செருப்பு அவசியம்.

மதியம் காங்கேயத்தில். முன்கூட்டிச் சொல்லிச் சமைக்கச் செய்யுங்கள். அரிசிம்பருப்பு சாதம் கட்டாயம் இருக்கட்டும்: நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், தேங்காய். எட்டுப் பேருக்கு, மற்ற பதார்த்தங்களும் இருப்பதால், 600 கிராம் அரிசி போதும். காலையில் உருக்கிய நெய்யை ஒரு பாட்டிலில் கொண்டு வந்து இதன்மேல் ஊற்றினால் காலைக்கும் மதியத்துக்கும் ஒரு தொடர்பு வரும். அசைவத்துக்குப் பள்ளிபாளையம் சிக்கன். மசாலாப் பொடி எதுவும் இல்லாமல் வரமிளகாய், சின்ன வெங்காயம், மஞ்சள், தேங்காய்ச் சில்லு மட்டும் என்பதால் இது என்ன சுவை என்று அவர்களால் பிரித்துச் சொல்லமுடியும். மிளகாயின் விதையை முழுக்க உதிர்த்துவிட்டு, எண்ணிக்கையையும் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். கொள்ளுப்பருப்பு, பச்சைப்புளி ரசம், கம்பங்கூழ் ஒவ்வொரு சின்னக் கிண்ணம், கடைசியில் ஒப்பிட்டு. இதற்கு மேல் சேர்க்கவேண்டாம். பதினெட்டு வகை வைத்தால் ஒன்றும் நாக்கில் நிற்காது.

சாப்பிட்டபின் கல் பட்டை தீட்டும் பட்டறை ஒன்றைக் காட்டுங்கள். காங்கேயத்தில் இந்தத் தொழில் இன்றும் இருக்கிறது. ஞாயிறன்று பல பட்டறைகள் மூடியிருக்கும் என்பதால் வாரம் முன்பே பேசி, ஒருவரை மட்டும் வரவழைத்து அரைமணி நேரத்துக்குக் கூலி கொடுத்துவிடுங்கள். காலையில் படத்தில் பார்த்த பிளந்த கல்லை இங்கே கையில் வாங்கிப் பார்க்கலாம். ஓட்டுநர் "தெரிந்த கடை" என்று ஒன்றுக்குத் திருப்பினால் மறுத்துவிடுங்கள், அங்கே விலையோடு கமிஷனும் சேர்ந்திருக்கும். யாராவது கல் வாங்கினால் பில்லும் பரிசோதனைச் சான்றும் இல்லாமல் வாங்கவேண்டாம்.

கூரையும் சிற்பமும் உள்ள இடம் ஒன்று வேண்டுமென்று யாராவது பிடிவாதம் பிடித்தால், கல் பட்டறைக்குப் பதிலாக விசயமங்கலம் சமணக் கோவில், நம்மவர் சொல்லும் நெட்டைக் கோபுரம். பூட்டியிருக்கும் நேரம் உண்டு, முந்தின நாளே விசாரியுங்கள். இரண்டையும் சேர்க்காதீர்கள். அரச்சலூர் மலைக்குகையின் இசைக் கல்வெட்டும் அருமையானது. அதை அமைத்தவன் பெயரிலேயே 'வண்ணக்கன்' என்று இருக்கிறது. மணியும் காசும் நோட்டம் பார்ப்பவனுக்குப் பெயர் அது. ஆனால் பாறை ஏறவேண்டும் என்பதால் இந்த நாளில் வாயால் சொல்வதோடு விட்டுவிடுங்கள்.

திரும்பும்போது படியூரில் சாலையோரம் ஐந்து நிமிஷம் நிறுத்துங்கள். பார்க்க ஒன்றும் இல்லை, மேடும் கருவேலமும்தான். ஆனால் நல்ல பச்சைக்கல் இந்தியாவிலிருந்துதான் வருகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதினார். இந்தியச் சரக்குக்காக ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசு கரைகிறது என்று குறைப்பட்டவரும் அவரேதான். பட்டறையில் ஒரு சின்னப் பச்சைக்கல் துண்டு வாங்கி வைத்திருந்தால், இங்கே அதைக் கைமாற்றிக் கொடுத்தபடி இதைச் சொல்லுங்கள். ஐந்தரைக்குத் திருப்பூர் வந்துவிடலாம்.

வண்டி 12 இருக்கை டெம்போ டிராவலர், மஞ்சள் போர்டு. பெரிய பஸ் கொடுமணல் ஊர்ச்சாலையில் திரும்பாது. பத்துப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். கல்வட்டத்தைச் சுற்றி நின்றால் கடைசி ஆளுக்குக் குரல் எட்டாது, ஒரு வீட்டுத் திண்ணையும் அவ்வளவு பேரைத் தாங்காது. வெள்ளிக்கிழமை சமையல் வீட்டுக்கும் பட்டறைக்கும் ஒரு போன். சனிக்கிழமை சாயங்காலம் மரம் ஏறுகிறவருக்கு ஒரு போன்: நாளைக் காலைக்கு எத்தனை கலயம், சுண்ணாம்பு போட்டுக் கட்டியாயிற்றா என்று.